கதவைச் சாத்திச் செய்த பயிற்சி

எங்கள் வீட்டில் முதுகுவலி ஆண்களுக்கு மட்டுமே வரலாம். அப்பாவுக்கு வந்தால் கட்டில், தைலம், வெந்நீர் எல்லாம் வரும். அம்மாவுக்கு வந்தால் வேலைக்கள்ளி என்ற பட்டம் வரும். பட்டம் கொடுக்கும் அதிகாரம் எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு.

அம்மா பீடி சுற்றுவாள். மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பொழுதடையும்வரை குனிந்தே இருப்பாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். அதிலும் நடிப்பு இருப்பதாக அத்தைக்குச் சந்தேகம். இரண்டு நாள் கழித்து அம்மா, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பஸ் கம்பியைப் பிடித்தபடியே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எலும்பில் கோளாறில்லை, தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். பிசியோதெரபி அறையில் ஓர் அக்கா பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்து, முழங்காலை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். பிறகு காலை மடக்கி வைத்து, இடுப்பைப் பையத் தூக்கி, பத்து எண்ணி இறக்க வேண்டும்.

"ஒரே இருப்பா இருக்காதிய. அரைமணிக்கொருக்க எந்திச்சு நடங்க. வலி கொறைஞ்சிட்டுன்னு பாதியில விட்டுராதிய, திரும்பப் புடிச்சுக்கிடும்" என்றாள்.

தினமும் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அதைச் செய்தாள். எண்ணுவது என் வேலை. எனக்கு அதில் தலைகால் புரியாத கர்வம். ஒரு மாதத்தில் அம்மா நிமிர்ந்து நடந்தாள். கொடியில் துணி போடும்போது சும்மாவே சிரித்தாள். வெளியே அத்தை, "பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன ஒறக்கமோ" என்று தெரு கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நீயும் ஒங்கம்மையும் கதவைச் சாத்திக்கிட்டு என்னதான் செய்யுதிய?"

அம்மா தூங்கவில்லை என்று நிரூபிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? பந்தி நடந்த முன்கூடமான பட்டாசலில், இலைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தேன். முழங்காலை இழுத்தேன். அம்மா மாதிரியே முனகினேன். இடுப்பைத் தூக்கியதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கிறார்களே என்று இன்னும் உயரத் தூக்கிக் காட்டினேன். அப்பாவும் சிரித்தார். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "குடும்பத்துப் பொம்பளை செய்யுத காரியமா இது?" என்று அம்மாவைக் கேட்டாள். சாம்பார் வாளியோடு நின்ற அம்மா அடுத்த இலைக்குக் குனிந்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் போய்ப் பாயை விரித்தேன். அம்மா சுளகை மடியைவிட்டு இறக்கவில்லை. கதவும் திறந்தே கிடந்தது.

"எண்ணட்டுமாம்மா?"

"வேண்டாம்ட்டி. வலி போயிட்டு. நீ போயி வெளையாடு."

அதன்பிறகு பிடிப்பு எத்தனை முறை வந்ததோ, அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான் வளர்ந்து ஆளானபிறகு பார்த்தால், சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் எண்ணியதால்தான் அம்மாவுக்கு வலி போயிற்று என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துவிட்டு வந்தேன்.