மூன்றாவது பனையின் வெள்ளை வளையம்

செவ்வாய்க்கிழமை காலையில் கன்னியம்மாள் எங்கள் வேலியோரம் வந்து நின்றார். "வாத்தியாரே, நம்ம சொல்தா பூட்டாருய்யா" என்றார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் பாகூர்ப் பக்கத்தில் 'சொல்தா' என்போம். இறந்துபோன என் அடுத்த வீட்டுக்காரர் சுப்புராயனை ஊரே அப்படித்தான் அழைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நரித்தொல்லை மிகுந்திருந்தது. கணவரை இழந்த கன்னியம்மாள் ஒரு காணியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். காய் பிடிக்கிற நேரத்தில் நரிகள் செடியோடு பறித்துத் தின்றன. அந்தக் காணி போனால் அவர் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் சோறில்லை. பக்கத்து நிலத்துக்காரரான சொல்தா, பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்று ஒரு புது ரைஃபிள் வாங்கிவந்தார்.

வாங்கியதும் சுட்டுவிட முடியாது. காவல் குடிசையிலிருந்து அளந்து, வரப்புப் பனைகளில் சுண்ணாம்பால் வளையம் போட்டார். மூன்றாவது பனை சரியாக நூறு மீட்டர். முதல் பனையில் அட்டையைக் கட்டி, உமி மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டார். குண்டுகள் இடப்புறமாகவே போயின. குழலின் பின்புறக் குறியை மயிரிழை வலப்பக்கம் நகர்த்தினார். அட்டையின் நடுவில் துளை விழுந்தது.

தூரம் கூடினால் குறியை உயர்த்த வேண்டும். வகுப்பில் முன்வரிசைப் பையன்மேல் சாக்பீசை நேராக எறியலாம். கடைசி வரிசையில் தூங்குகிறவனுக்குச் சற்று மேலே தூக்கி எறிய வேண்டும். குண்டும் அப்படித்தான். அதற்காகத் துப்பாக்கியிலேயே படிப்படியாக எண்கள் பொறித்திருந்தார்கள். தோட்டா குறைவு என்பதால் தூரப் பனைகளைச் சுட்டுப் பார்க்காமல் அந்த எண்களை நம்பினார்.

அன்று பொழுது சாயும்போது மூன்றாவது பனையடியில் ஒரு நரி வந்தது. குறியை நூறில் வைத்துச் சுட்டார். குண்டு தாழ்ந்து முன்னங்காலை முறித்தது. நரி கரும்புக்குள் புகுந்து கதறியது. அவர் தேடிப்போய்த்தான் அதன் உயிரை முடித்தார். பால் கட்டிய பெட்டை.

மறுநாள் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். எண்களுக்குப் பக்கத்தில் கஜம் என்று ஆங்கிலத்தில் சிறிதாகப் பொறித்திருந்தது. நூறு கஜம் ஏறக்குறைய தொண்ணூற்றொரு மீட்டர்தான். அவர் பட்டாளத்தில் மீட்டரைத் தவிர வேறு அளவே கிடையாது. மிச்ச தூரத்தில் குண்டு இறங்கிவிட்டது.

"அடிச்சா ஒரேயடியா சாவணும். இல்லன்னா அடிக்கவே கூடாது. நடுவுல வுடக் கூடாது வாத்தியாரே" என்றார்.

புதுத் தோட்டா வந்து எல்லாத் தூரத்துக்கும் சுட்டுப் பார்க்கும்வரை துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். கன்னியம்மாள் கொதித்துப்போனார். "இன்னாண்ணே, நரிக்கு அழுவறியே, எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

சொல்தா மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு மாலைதோறும் அந்தக் காணியைச் சுற்றித் தட்டிக்கொண்டே நடந்தார்.

டீக்கடையில் கேலி செய்தார்கள். "இன்னா சொல்தாரே, வெள்ளக்காரன் தகரந்தான் குடுத்தனுப்பினானா?"

"ஆமாம்பா, மெடலு அடிச்சது போவ மிச்சம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

தோட்டா வருவதற்குள் பாதிக் காணி போயிற்று. வந்ததில் பெரும்பகுதியை அட்டைகளிலேயே செலவழித்து, ஒவ்வொரு பனைக்கும் தானே கீறிய குறி வைத்தார். அதன்பின் அவர் சுட்ட எதுவும் கதறியதில்லை. மூன்றாவது வளையத்துக்கு அப்பால் அவர் சுட்டதுமில்லை. ஆனால் கன்னியம்மாள் வீட்டில் அந்த வருஷம் கூழ்தான். அடுத்த அறுவடைவரை அவர் சொல்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

போன ஆண்டு சொல்தாவைப் பக்கவாதம் சாய்த்தது. பிள்ளைகள் இல்லை, மனைவி முன்பே போய்விட்டார். கஞ்சி ஊட்டியது கன்னியம்மாள்தான். கடைசியாக நான் பார்க்கப் போனபோது கோணிய வாயால் மெல்லச் சொன்னார்: "மேல இருக்கறவன் என்னிய நடுவுல வுட்டுட்டான் வாத்தியாரே."

எத்தனையோ கேள்விகளுக்கு உதாரணம் சொல்லிப் பழகியவன் நான். அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாடை அந்த வரப்பு வழியாகத்தான் போனது. முதலிரண்டு பனைகளில் சுண்ணாம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் வளையம் ஈரமாக, புதிதாக இருந்தது. சற்றுத் தள்ளி, விரல்களில் சுண்ணாம்போடு கன்னியம்மாள் நின்றிருந்தார். நரி அடிபட்ட அந்தப் பனையைப் பாடை தாண்டிச் சென்றது.

போய் வாருங்கள் சொல்தா. இப்போது நீங்கள் நடுவில் இல்லை.