கை இறங்காத ஜாக்கெட்

ஸ்டோர் அக்காவுக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஊரே ஜன்னலைத் திறந்துவைத்து "அப்பாடா, காத்து நல்லா வருது" என்று சொல்கிற நேரத்தில் அவள் மட்டும் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிர்காலம் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கணவரின் பழைய கோட்டு. "வெங்காயத்தைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருக்கே, ஆள் எங்கேம்மா?" என்பார் அவர். அவர் டவுன் பஸ் டிரைவர். பனி கொட்டினாலும் அரைக்கைச் சட்டையோடு வண்டி ஓட்டுகிற ரகம்.

அவள் வேலை பார்த்தது சாலைப் பராமரிப்பு டிப்போவில். தார் டின், மண்வெட்டி, கையுறை, ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவள். அதனால் எந்தத் துணி கண்ணில் பட்டாலும் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் துப்பட்டாவைத் தேய்த்துத் திட்டு வாங்கிய கதையெல்லாம் உண்டு.

டிப்போவில் ரோட்டுக்குப் போகிற கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் ரோலர் ஓட்டுகிறவன், பெயர் பூதம். ஆள் மலை மாதிரி, மனசு பஞ்சு மாதிரி. இன்னொருத்தி, ரோட்டின் நடுவில் நின்று 'நில்', 'போ' என்று போர்டு காட்டுகிறவள். அவளை எல்லாரும் சைரன் என்பார்கள். ஏன் என்று அவள் ஒரு தடவை வாயைத் திறந்தால் புரிந்துவிடும்.

தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று இவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்த பளிச்சென்ற மேல்சட்டை என்றைக்கோ வெளுத்துப்போய் டீக்கடைத் துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் மூடுபனிக்குள் இருந்து ஒரு பால் வண்டி நேராகச் சைரன் மேல் வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் வண்டிக்காரன் பிரேக்கை மிதித்து, பதறி இறங்கி, காதைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கு அவள் உயிரைக் காப்பாற்றியது சட்டை இல்லை, தொண்டை.

அன்று மத்தியானமே மேனேஜர் ஸ்டோர் அக்காவைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் புதுசா ஜாக்கெட் எடுத்துடுங்கம்மா. குளிரும் தாங்கணும், தூரத்துலேருந்தும் தெரியணும். குளிரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"சரி சார்."

"கலர் மட்டும் கொஞ்சம் டீசன்ட்டா பாருங்க. சாம்பல், இல்லேன்னா லைட் நீலம். கண்ணை உறுத்தாத மாதிரி."

"சார், கண்ணை உறுத்தணும்னுதான் சார் வாங்கறதே."

மேனேஜர் யோசித்தார். "அப்போ கொஞ்சமா உறுத்தட்டும்" என்றார்.

ஸ்டோர் அக்கா இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்கக் கிளம்பினாள். "பூதம், வா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கணும்" என்று அவள் கூப்பிட்டதுதான் தாமதம், டிப்போவே சிரித்தது. "எனக்கு எதுக்கக்கா ஜாக்கெட்? முதுகுல கொக்கியா, முன்னாடியா?" என்று அவனே கேட்டுவிட்டு வெட்கப்பட்டான். டேப் அவன் நெஞ்சைச் சுற்றி வரவில்லை. சைரன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அக்கா மறுமுனையோடு அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்படியும் ஒரு சாண் குறைந்தது. மிச்சத்தைக் கையால் அளந்துகொண்டாள்.

மறுநாள் சேல்ஸ்காரர் ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். மினுமினுவென்று தலை வாரியிருந்தார். மனிதர் பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவது எதிராளியின் பொறுப்பு. பைக்குள்ளிருந்து முதல் ஜாக்கெட்டை உருவி உதறினார்.

"மேடம், இறகு மாதிரி. போட்டிருக்கறதே தெரியாது."

தெரியாமல் எங்கே? சைரன் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாள், மொறுமொறுவென்றது. இறக்கினாள், மறுபடியும் மொறுமொறு. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் ஆள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. அக்கா துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மழை வந்தா தண்ணி இறங்காதே?"

"ஒரு சொட்டு இறங்காது மேடம். என்மேல சத்தியம்."

அக்கா குழாயடியில் இருந்து ஒரு மக் தண்ணீரை மொண்டுவந்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சைரனின் தோளில் ஊற்றினாள். குளிர்காலத்துத் தண்ணீர். தையல் வழியாக நேரே முதுகுக்குள் போய்விட்டது போலிருக்கிறது. சைரன் கத்திய கத்தலில் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்துபோய், அன்று முழுக்கத் திரும்பி வரவில்லை. சேல்ஸ்காரர் சத்தியத்தைப் பற்றி மறுபேச்சு பேசாமல் அடுத்த ஜாக்கெட்டை எடுத்தார்.

இது மெத்தை. மஞ்சள் நிறத்தில், கொழுகொழுவென்று, மடிப்பு மடிப்பாக, குளிருக்கென்றே செய்த மெத்தை.

"இதைப் போட்டுக்கிட்டு ஐஸ் மேல படுத்துத் தூங்கலாம் மேடம். நம்மகிட்ட இருக்கறதுலயே பெரிய சைஸ்."

ஸ்டோர் அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே மனசு உருகிவிட்டது. தேய்த்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேலை முடிந்தது, இதையே எடுத்துவிடலாம் என்று பாதி முடிவே செய்துவிட்டாள்.

பூதத்துக்கு மாட்டினார்கள். சேல்ஸ்காரர் முட்டியால் ஒரு அழுத்து அழுத்தி ஜிப்பை மேலே ஏற்றினார். ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்திருந்த தொப்பியையும் தலையில் கவிழ்த்துவிட்டார். பூதத்தின் இரண்டு கைகளும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன.

"கையை இறக்கு" என்றாள் அக்கா.

"இறக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

"புதுசு மேடம், போகப்போகப் பழகிடும்" என்றார் சேல்ஸ்காரர்.

வெளியே நல்ல மூடுபனி. எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க இதைவிட்டால் வேறு வேளை ஏது? "நீ அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வா, நான் வாசல்லேருந்து பாக்கறேன்" என்று அக்கா அனுப்பிவைத்தாள். பூதம் பெரிய பறவை ஒன்று தரையில் நடப்பது போல அசைந்து அசைந்து போனான். எல்லாரும் பனிக்குள் கரைந்துபோகிற இடத்திலும் அவன் மட்டும் பளிச்சென்று தெரிந்தான். அக்காவுக்கு ஒரே பூரிப்பு.

ரோட்டைக் கடக்கும்போது பாதியில் தொப்பி நழுவி அவன் கண்ணை மூடிவிட்டது. தள்ளிவிடலாம் என்றால் கை முகத்துக்கு எட்டினால்தானே? எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பூதம் ரோட்டின் நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. மஞ்சள் ஜாக்கெட், நீட்டிய இரண்டு கை. பஸ் மரியாதையாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு லாரி, லாரிக்குப் பின்னால் ஒரு ஸ்கூல் வேன், அப்புறம் வரிசையாகக் கார்கள். எதிர்ப்பக்கமும் அதே கதை.

"யாரு பெரிய ஆள் வர்றாங்க?" என்று பஸ்ஸில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஸ்டோர் அக்கா ஓடினாள். மூன்று ஸ்வெட்டரோடு ஓடுவது சும்மாவா? மூச்சு வாங்க வந்து பார்த்தால், ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருப்பது அவள் வீட்டுக்காரர்.

"ஏங்க, வண்டியை எடுங்க! அவன் நம்ம பூதம்!"

"யாரா வேணா இருக்கட்டும். கையை நீட்டிட்டாரு, நிக்கணும். அதுதான் ரூல்."

"அவன் நீட்டலைங்க, அது இறங்க மாட்டேங்குது!"

"அப்போ இறங்கினதும் எடுக்கறேன்."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

"டூட்டில இருக்கும்போது வீட்டுப் பேச்சு வேண்டாம்மா" என்றார் அவர், பயணிகளுக்குக் கேட்கிற மாதிரி. பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு.

இதற்குள் சேல்ஸ்காரரும் வந்து ஜிப்பைப் பிடித்து இழுத்தார். உள்துணியைக் கடித்துக்கொண்ட ஜிப் இம்மிகூட நகரவில்லை. "ஒஸ்தி ஜிப் மேடம், அதான்" என்றார். ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. தொப்பிக்குள் இருந்து பூதம், "அக்கா, என்ன நடக்குது? யாராவது சொல்லுங்களேன்" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

ஸ்டோர் அக்கா அவனையும் பார்த்தாள், கணவரையும் பார்த்தாள். ரூல்தானே வேண்டும்? பூதத்தின் இடுப்பைப் பிடித்து, பீரோவை நகர்த்துவது போல, அப்படியே பக்கவாட்டில் திருப்பி ரோட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். இப்போது ஒரு கை பஸ்ஸைக் காட்டியது, இன்னொரு கை போகிற வழியைக் காட்டியது.

அவள் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "ம், இது 'போ'ங்கற சிக்னல்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். பஸ் போனது, லாரி போனது, வேனில் இருந்த பிள்ளைகள் பூதத்துக்குக் கை காட்டிக்கொண்டே போனார்கள். வரிசையின் கடைசியில் மேனேஜரின் கார் வந்து நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, "அவ்வளவு பின்னாடியிருந்தே தெரிஞ்சுதும்மா. இந்தக் கலரே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பூதத்தை டிப்போவுக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சைரன் ஜாக்கெட்டின் ஒரு கையையும் சேல்ஸ்காரர் இன்னொரு கையையும் பிடித்து மேலே இழுக்க, அது தலைவழியாக வந்தது. கூடவே அவனுடைய ஸ்வெட்டரும் சட்டையும் வந்துவிட்டன. பனியனோடு உட்கார்ந்திருந்த பூதம், "குளிருதுக்கா" என்றான். பாவம், அவனுக்கு முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மெத்தை மேல் இருந்த ஆசையை ஸ்டோர் அக்கா அங்கேயே விட்டுவிட்டாள். தனக்குக் குளிர்கிறது என்பதற்காக வேலை செய்கிறவர்களைச் சுருட்டிக் கட்டிவிடப் பார்த்தோமே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. பையை அவளே கவிழ்த்தாள். அடியில் ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"அது சாதாரணம் மேடம், உங்களுக்குப் பிடிக்காது" என்றார் சேல்ஸ்காரர்.

மேல்துணி தனி, உள்ளே கம்பளி தனி. வெயில் ஏறினால் கம்பளியைக் கழற்றிவிடலாம். தோளிலும் கையிலும் இடுப்பிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. குனிந்தாலும் இடுப்பு தெரியாதபடி பின்பக்கம் நீளம். தண்ணீர் இறங்காதபடி தையல்மேல் உள்பக்கமாகப் பட்டை ஒட்டியிருந்தது. ஜிப்பின் நுனியில் ஒரு நாடா, கையுறையோடு பிடித்து இழுக்கலாம். தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்பியது. சைரன் போட்டுக்கொண்டு போர்டை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள். சத்தமே இல்லை. இந்தத் தடவை ஜாக்கெட்டைச் சேல்ஸ்காரருக்கு மாட்டிவிட்டு, தண்ணீரை அவளே கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தாள். மனிதர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து, "இறங்கலை!" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

"இதுலயே ஆரஞ்சும் இருக்கு மேடம்."

"வேண்டாம். கூம்பு பூரா ஆரஞ்சு. அதுக்கு நடுவுல நின்னா இவங்களும் கூம்பாயிடுவாங்க. மஞ்சளே கொடுங்க. பூதத்துக்கு மட்டும் தனியா தைச்சுக் கொடுக்கணும், சரியா? அளவு நான் சொல்றேன். ஒரு டேப், ஒரு சாண்."

சாயங்காலம் வீட்டில் அவள் தோசைக்கல்லை 'ணங்' என்று வைத்தாள். கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "கடைசி ஸ்டாப் வரைக்கும் பஸ்ல உன் பேச்சுதான். அந்தம்மாதான் ஆளைத் திருப்பி ரோட்டைத் திறந்துவிட்டாங்கன்னு ஒரே புகழ்ச்சி" என்றார். "நான் அவங்க வீட்டுக்காரர்னு சொல்லிக்கலை. அடிச்சாலும் அடிப்பாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஜாக்கெட்டுகள் வந்து சேர்ந்த மறுநாளே கடுமையான மூடுபனி. வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு உள்வாங்கியிருந்தது, எல்லாரும் அங்கே வேலைக்குப் போனார்கள். ஸ்டோர் அக்கா வாசலில் நின்று பார்த்தாள். மரம் தெரியவில்லை, கம்பம் தெரியவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் கல் கொட்டுகிற மஞ்சள் முதுகுகள் மட்டும் தெரிந்தன. மேட்டில் இருந்து இறங்கி வந்த ஒரு லாரி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, நத்தை மாதிரி அவர்களைத் தாண்டிப் போனது. பள்ளத்தை மத்தியானத்துக்குள் மூடிவிட்டார்கள்.