சிவபாதசுந்தரத்தின் கடைசி விமானம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடல்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் குடியிருந்த சிவபாதசுந்தரத்துக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு றாத்தல் பாணும் தேங்காயும் வாங்கி வரும்படி மனைவி பாலேஸ்வரி சொன்னால், வாசலில் நின்று அதை அப்படியே ஒப்புவிப்பார். அவள் "சரி" என்றால்தான் செருப்புக்குள் கால் நுழையும். கலியாணம் கட்டிய நாள் முதல் இந்தக் கூத்துத்தான்.

எல்லாம் பார்த்த வேலையால் வந்தது. வடக்கில் ஒரு சின்ன விமான நிலையத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் அவர். காற்று எந்தப் பக்கம், ஓடுபாதை எது, இறங்கலாமா பொறுக்க வேண்டுமா என்று இவர் சொல்ல, விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல் பிசகினாலும் உயிர் போகும். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், தமிழன் அந்த நாற்காலியில் இருக்கக்கூடாதென்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். ஒரு விமானம் இறங்கக் கிட்டிய நேரத்தில் பின்னால் வந்த ஒருவர் இவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி எடுத்தார். அது இறங்கித்தான் இருக்கும், விழுந்திருந்தால் பேப்பரில் வந்திருக்குமே. ஆனாலும் அது இறங்கியதைத் தன் காதால் கேட்கவில்லை என்பது மனுசனுக்கு நெஞ்சில் முள்ளாகவே நின்றது. மிச்சக் காலத்தைக் கொழும்பில் ஏதோ ஒரு மூலையில் கோப்புத் தூக்கிக் கழித்தார்.

பென்சன் எடுத்த பிறகு லண்டனிலிருந்து மகள் கௌரி ஒரு கொம்பியூட்டர் அனுப்பினாள். பிடித்தது சனியன்! இணையத்தில் விமானம் ஓட்டி விளையாடும் கூட்டமொன்று உலகம் முழுக்க இருக்கிறதாம். அவரவர் வீட்டில் இருந்தபடி திரையில் ஓட்டுவார்களாம், இன்னொருவர் கோபுரத்துக்காரராக இருந்து அவர்களை இறக்கிவிட வேண்டுமாம். ஸ்கொட்லாந்துப் பக்கமே போயிராத சிவபாதசுந்தரம் அங்குள்ள ஒரு சின்ன விமான நிலையத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பின்னேரமானால் ஷேர்ட் போட்டுச் சீப்பால் தலை இழுத்து முன்னறையில் உட்காருவார். குரலில் பழைய மிடுக்கு வந்துவிடும். பாலேஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இரண்டாயிரத்தேழு சித்திரையில் புலிகளின் விமானம் வந்து கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவையில் குண்டு போட்டது. அதற்குப் பிறகு கொழும்புத் தமிழருக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கவே பயம். இதை விட்டுவிடும்படி பாலேஸ்வரி சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். விளையாட்டுத்தானே, யார் என்ன செய்யப் போகிறார்கள் என்றார். சூதுவாது தெரியாத பிறவி.

ஒரு ஞாயிறு பின்னேரம் கீழ்வீட்டு றமீலா மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஒழுங்கையை மறித்துவிட்டுப் பொலிஸ் வீடுவீடாகத் தேடுகிறது, முதலாம் மாடிக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளிடம் ஓடினாள்.

பாலேஸ்வரி முன்னறைக்குப் பாய்ந்தாள். "இஞ்சாருங்கோ, உதை நிப்பாட்டுங்கோ. வந்திட்டாங்கள்."

அவர் கையை மட்டும் உயர்த்தினார். எங்கோ ஜெர்மனியில் ஒரு பெடியன் திரையில் மூடுபனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தன் மேல நிக்கிறான், ஈஸ்வரி. அவனை இறக்கிப்போட்டு நிப்பாட்டுறன்."

"உது பொய்ப் பிளேன் அப்பா."

"பிளேன் பொய்தான். அவன் மெய்யா என்னைக் கேட்டுக்கொண்டெல்லே இருக்கிறான்."

சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையும் போனது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அன்று அதைத் தட்டியிருந்தால் என்று பிறகு எத்தனை தரம் தலையில் அடித்து அழுதிருப்பாள்!

வந்த இன்ஸ்பெக்டர் திரையில் ஓடுபாதையையும் விமானத்தையும் பார்த்தார். "மே மொகக்த?" என்றார், இது என்ன என்று. பாலேஸ்வரி தெரிந்த சிங்களத்தில் விளையாட்டு, விளையாட்டு என்று மன்றாடினாள். சிவபாதசுந்தரம் திரும்பவே இல்லை. காற்றைச் சொல்லி, இறங்கலாம் என்று சொல்லி, பெடியன் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில் ஒருவன் பின்னால் வந்து ஹெட்ஃபோனைக் கழற்றினான். இரண்டாம் தரம். அவர்கள் பிடித்துத் தள்ள, அவர் காதைப் பொத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மேசையில் கிடந்த ஹெட்ஃபோனுக்குள் அந்தப் பெடியனின் குரல் டவர், டவர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தூக்க வந்தவன் வயரைப் பிடுங்கினான். விமானம் பனிக்குள் இருக்கும்போதே திரை கறுத்தது. பாலேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தநாள் முழுக்கப் பாலேஸ்வரி பொலிஸ் நிலைய வாசலில் காத்துக் கிடந்த பிறகுதான் அவரைக் காட்டினார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வாசலில் கதைத்தார்கள். அவள் கம்பிக்குள்ளால் புட்டுப் பார்சலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்தப் பெடியன் இறங்கிட்டானோ?"

பச்சைத் தண்ணி கூட வாயில் படாமல் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"ஓம். இறங்கிட்டான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "திருப்பிச் சொல்லும்."

பாலேஸ்வரி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கிட்டான். பத்திரமா இறங்கிட்டான்."

"சரி" என்றார் சிவபாதசுந்தரம். பார்சலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.