வயிற்றுக்கு உறை ஊற்றிய கதை

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரை வில்லாபுரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான், மில்லில் ஷிப்ட் வேலை பார்த்த என் கணவர், என் மாமியார், அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்த எங்கள் பெண் குழந்தை. அந்தச் சமயம் பார்த்து எனக்கு டைபாய்டு வந்தது.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய வாயாடி. சோழவந்தான் பக்கம் ஒரு வரப்பில் நின்று அடுத்த வரப்புக்குக் கூப்பிட்டுப் பேசியே வளர்ந்தவள். நான் குழாயடிக்குப் போனால் வரிசை தானாக ஒழுங்காகிவிடும் என்று கணவர் கேலி செய்வார். கோபமும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்தேதான் வரும்.

அந்தக் காய்ச்சல் நாட்கள் எல்லாம் ஒரே நீளமான மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் சுவரில் மெதுவாக நகரும். மில் சங்கு எங்கோ தண்ணீருக்கு அடியில் ஊதுவது போலக் கேட்கும். யாரோ வாயில் மாத்திரை போடுவார்கள், யாரோ போர்வையை இழுத்து விடுவார்கள். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளைச் சமயநல்லூரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிப் போனது கூட எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

காய்ச்சல் விட்டது. பத்தியம் விடவில்லை. அந்தக் காலத்தில் ரொட்டியும் பன்னும் எங்களுக்குக் காய்ச்சல்காரர் சாப்பாடு. கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் பேக்கரியில் பன் வாங்கி வருவார். மாமியார் அதைச் சுடுபாலில் நனைத்து ஊட்டுவார், கூடவே பார்லித் தண்ணீர். தயிர், மோர், பழையசோறு எல்லாம் குளிர்ச்சி என்று என் கண்ணிலேயே காட்டவில்லை. காய், கீரை எதுவும் கிடையாது. அத்தனையும் அன்பினால்தான். டாக்டர் லேசான சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருந்தார். அதை எப்போது நிறுத்துவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாதங்கள் ஓடின. எனக்குச் சளி பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வயிறு உப்பும், வாயில் புண் வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் மாமியார் பத்தியத்தை இன்னும் இறுக்குவார். உடம்பு தேறட்டும், பிள்ளையைக் கொண்டுவரலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அவர் மார்போடு அணைத்து வளர்த்தார். குழந்தை அங்கேயே வளரட்டுமே என்று உறவில் சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பயங்கரம் என்னவென்றால், எனக்கு வலிக்கவே இல்லை. நான் பெற்ற பிள்ளை கைவிட்டுப் போகிறது, அழுகை வர வேண்டாமா? வரவில்லை. யார் மேலும் கோபமும் வரவில்லை. குழாயடிச் சத்தம் கேட்டால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். நல்லா வாயடிச்சவ இப்பிடி ஊமையாயிட்டாளே, ஏதோ கோளாறுதான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அது கூட எனக்கு யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது.

நான் பிழைக்க வேண்டும் என்று மாமியார் அழகரிடம் நேர்ந்திருந்தார். அதை முடிக்க ஒரு நாள் மூவரும் அழகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வயலும் பனையும் கண்மாய்த் தண்ணீரும் வந்து வந்து போயின. மலை நீலமாகத் தெரிந்து, கிட்டே வர வரப் பச்சையானது. எதுவும் என்னைத் தொடவில்லை. கூட்டத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை என்று கோட்டைச் சுவர் ஓரம் ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார வைத்து, ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் சாமி கும்பிடப் போனார்கள்.

மலைக் காற்று அடித்தது. கண் சொருகியது. கருப்பசாமி சன்னதிப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் தூக்கத்துக்குள் வந்து கலந்தது. சந்தன வாசம், கற்பூர வாசம், ஈர மண் வாசம். எவ்வளவு நேரம் அப்படி மிதந்தேனோ தெரியாது. கையில் இருந்த பொட்டலத்தை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள். விழித்துப் பார்த்தால் குரங்கு! பொட்டலத்தோடு கிளையில் போய் உட்கார்ந்து, ரொட்டியை ஒரு கடி கடித்தது. திருப்பிப் பார்த்தது. அப்படியே கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது.

பக்கத்து மரத்தடியில் ஒரு குடும்பம் காதுகுத்துக்கு வந்து இறங்கியிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்தபடி, என் வயதுள்ள ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கொரங்கே வேணாங்குது, இதப் போயி நீ திங்கிறியாக்கும்? இங்கிட்டு வாத்தா!"

நான் தலையாட்டியது அவளுக்குச் சம்மதமா மறுப்பா என்று தெரிந்திருக்காது. தெரிந்தாலும் விட்டிருக்க மாட்டாள். காதுகுத்துப் பந்தியில் பக்கத்தில் இருப்பவரைப் பட்டினியாக விட்டுவிட்டு அவர்கள் கை நனைக்க மாட்டார்கள். என் முன்னால் இலை விழுந்தது. பரிமாறக் கை வேண்டும் என்று அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள்.

மாதக்கணக்கில் ஒரு குழந்தையை நான் தொட்டதில்லை. காது வலியில் விம்மி விம்மி அது என் சேலையைப் பிடித்துக்கொண்டது. மடி கனத்தது. உள்ளே ஒன்றுமே அசையவில்லை. நான் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

"ஒனக்குப் புள்ள இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"சமயநல்லூர்ல."

என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ, மேலே கேட்கவில்லை. தூக்குச்சட்டியிலிருந்து தயிர்சோற்றை அள்ளி வைத்தாள். ஓரத்தில் நார்த்தங்காய். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறி எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு கையில் அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன். இன்னும் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மாமியார் திரும்பி வந்தார். என் இலையைப் பார்த்ததும் தேங்காய்த் தட்டு கை நழுவி விழுந்தது.

"அடியாத்தீ! தயிராத்தா அது! எந்தங்கச்சி இதே காச்சல் விட்டு எந்திரிச்சு, ஆசையா பழையது குடிச்சா. மறுநா மண்ணுக்குத் தூக்கிக் குடுத்துட்டோம். ஒன்னயும் தூக்கிக் குடுக்கவா நான் இம்புட்டு நாளு பொத்திப் பொத்தி வச்சேன்?"

மாமியாரின் பத்தியத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சாவு இருந்தது என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும். சோறு போட்ட பெண் அரண்டுபோய், "அய்யோ பெரியாத்தா, எனக்குத் தெரியாதே" என்று கையைப் பிசைந்தாள். வீடு வந்து சேரும்வரை மாமியார் என் மணிக்கட்டை விடவே இல்லை. சூடு ஏறுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் கண் திறந்தேன். தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"அத்தே, பசிக்குது."

அவர் முகத்தைப் பார்க்கணுமே! பயப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் எழுந்து அடுப்படிக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடி ஓடினார். அன்றைக்கே கணவர் எங்கள் இருவரையும் அந்த டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"காய்ச்சல் விட்டு இம்புட்டு மாசமாச்சு, இன்னுமா பத்தியம்?" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மா? நானாச்சும் சொல்லிவிட்டிருக்கணும்." பிறகு பொறுமையாக விளக்கினார். காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரை கெட்ட கிருமியோடு, குடலில் இருந்து நமக்கு உதவி செய்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்திருக்கும். அவை திரும்பப் பெருகத் தகுந்த சாப்பாடு உள்ளே போகவே இல்லை. குடல் அப்படிக் கிடந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும், மனதும் சோர்ந்து போகும் என்றார்.

மாமியார் நம்பவில்லை. "கிருமியில நல்ல கிருமி வேற இருக்கா சாமி?"

"பாலுக்கு ஒறை ஊத்துறீகள்ல? பால் எப்பிடித் தயிராகுது? அதுல இருக்கிறதும் கிருமிதான்."

மாமியார் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார். "அப்ப இவ வயித்துக்கு ஒறை ஊத்தணும்கிறீக."

டாக்டர் சிரித்துவிட்டார்.

அதன்பின் மாமியார் என்னை விட்டாரா? தயிர், மோர், கீரைத்தண்டு, வாழைத்தண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழையசோறும் சின்ன வெங்காயமும். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. முதலில் வாய்ப்புண் ஆறியது. பிறகு சளி வருவது குறைந்தது. ஒரு காலையில் சட்டியில் நீராகாரம் சில்லென்று இருந்தது, முற்றத்தில் வெயில் மஞ்சளாக விழுந்தது, அது அழகாக இருக்கிறது என்று தோன்றியது. அவ்வளவுதான். ஆனால் அப்படித் தோன்றி வெகு காலம் ஆகியிருந்தது.

அந்த வாரமே கணவர் பழக்க தோஷத்தில் பன் வாங்கி வந்து நின்றார்.

"இன்னொரு தடவ இந்தக் கருமத்த இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்தீக, நடக்கிறதே வேற! போயி அந்தக் கொரங்குட்டயே குடுங்க, அதுவே திங்காது!"

தெருவே கேட்டிருக்கும். அவர் பொட்டலத்தோடு வாசலில் நின்று சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாளே சமயநல்லூருக்குப் புறப்பட்டோம். நாத்தனார் வீட்டு வாசலில் என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிற்கவே கற்றுக்கொண்டுவிட்டாள்! ஓடிப்போய்த் தூக்கினேன். என்னைப் பார்த்து வீல் என்று கத்தினாள். முதுகை வளைத்து, இரண்டு கையையும் நாத்தனார் பக்கம் நீட்டி "அம்மா" என்றாள்.

நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது போல வலித்தது. வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். நாத்தனார் என் தலையைக் கட்டிக்கொண்டு, "அழுதுட்டா! எந்தம்பி பொண்டாட்டி அழுதுட்டா!" என்று ஊரைக் கூட்டினார். எத்தனையோ மாதமாக, பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்துபோகும்போதெல்லாம், அவர் என் வறண்ட கண்களைத்தான் பார்த்துப் பயந்திருந்தாராம். அழுகிறவளிடம் பிள்ளையைக் கொடுக்கலாம், அழாதவளிடம் எப்படிக் கொடுப்பேன் என்றார்.

"மதினி, நீங்களும் எங்களோட வாங்க. பிள்ள எங்கிட்டப் பழகுற வரைக்கும் இருங்க," என்றேன். வந்தார். குழந்தை பழகிய பிறகும் கொஞ்ச காலம் இருந்தார். என் மகளுக்கு இன்றும் இரண்டு அம்மா.

எல்லாம் தயிர்சோற்றால்தான் ஆனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். காலமும் ஆற்றியிருக்கும், மனிதர்களும் ஆற்றியிருப்பார்கள். இப்போது குடலுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி டாக்டர்கள் டிவியில் பேசும்போதெல்லாம், அந்த மரத்தடியும் பேர் தெரியாத அந்தப் பெண்ணின் சிரிப்பும் சந்தன வாசத்தோடு என் முன்னால் வந்து நிற்கின்றன. மனசே சரியில்லை என்று யார் என்னிடம் வந்து உட்கார்ந்தாலும், அழுதாயா என்று கேட்பதற்கு முன்னால், பசிக்கிறதா என்றுதான் இன்றும் கேட்கிறேன்.