பவளம் அக்காவின் கண்ணுக்குள் ஒரு நீல வெளிச்சம்

“சிங்களத்துல ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க தம்பி. ட்ரீட்மென்ட் வேணாம்னு.”

மூன்று வாரங்களுக்கு முன், ஹட்டனில் என் போட்டோகாப்பி கடைக்கு வந்த பவளம் அக்கா இப்படிச் சொன்னார். எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

அக்கா அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தலைக்குள் கட்டி. ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அதுதான். இன்னும் பாதி பாக்கி.

“ஏன்க்கா?”

அக்கா தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த கணவர் ராமையா அண்ணன்தான் பேசினார்.

“கண்ணுக்குள்ள வெளிச்சம் தெரியுதாம்ங்க.”

“இறுக்கி மூடிக்கிட்டுத்தான் படுத்திருக்கேன் தம்பி. மெஷின் ஓடுறப்ப உள்ளுக்க நீலமா அடிக்குது. பக்கத்து லயத்து வீட்டுல ஒருத்தி காத்துக் கருப்புங்கிறா. இன்னொருத்தி கண்ணு போயிரும்ங்கிறா. ஆஸ்பத்திரியில சொன்னா பைத்தியம்னு நெனைப்பாங்க...”

கடிதம் எழுத மனம் வரவில்லை. போனை எடுத்துத் தேடினேன்.

தூக்கிவாரிப் போட்டது!

ஒளியை எதுவாவது முந்துமா என்பது என் பல வருடப் பைத்தியம் — இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ‘எதுவும் முந்தாது’ என்று இங்கேயே அடித்துச் சொல்லியிருக்கிறேன். அது வெற்றிடத்தில்தான் சரியாம். தண்ணீரில் ஒளியின் வேகம் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தானே? கதிர்வீச்சு கிளப்பிவிடும் நுண்துகள்கள் அங்கே ஒளியை முந்தி ஓடுமாம். அப்படி ஓடும்போது பிறப்பதுதான் அந்த நீலம்.

எங்கேயோ ஆராய்ச்சிக்கூடத்தில் நடக்கும் என்று நான் நினைத்தது, கூடை சுமக்கிற ஒருவரின் கண்ணுக்குள்!

ஆனால் அரைகுறையான என் பேச்சை நம்பி ஒருவர் உயிரைப் பணயம் வைக்கலாமா? கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

மெஷினை இயக்கும் சிங்களப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சிரித்தார். நிறையப் பேர் பார்ப்பதுண்டாம். கண் போகாது. இனி எது தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்காவின் முகம் கோணியது.

“அப்ப... எனக்குப் பைத்தியம் இல்லையா?”

கேட்டுவிட்டு, அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். ராமையா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

நேற்று சிகிச்சையின் கடைசி நாள். நானும் கூடப் போயிருந்தேன். ஸ்கேன் பார்க்க இன்னும் சில வாரங்கள் ஆகும். என்ன வரும்? யாருக்கும் தெரியாது. வெளியே வந்த அக்காவிடம் கேட்டேன்.

“இன்னிக்கும் வந்துச்சாக்கா?”

“வந்துச்சு தம்பி. இன்னிக்குத்தான் பயப்படாம பார்த்தேன். என்னா அழகுங்கிறீங்க!”

உண்மையைச் சொல்லட்டுமா? கண் கலங்கியது... கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது.