பானையின் அடியில் கரண்டி தட்டும் சத்தம்

என் எழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதும் எனக்கு நிச்சயமில்லை. நாலாம் கிளாஸோடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேனாவைவிட இந்தக் கை அதிகம் பிடித்தது சாதக் கரண்டியைத்தான். அப்படிப் பிடித்ததில் ஒன்று, ஓரம் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த பித்தளைக் கரண்டி. கல்யாணச் சமையல்காரர்கள் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்தேன். கரமனையில் எங்கள் அடுக்களைச் சுவரில் இப்போதும் அது தொங்குகிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு சிஸ்டரின் நினைவு வரும். சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வந்து புண்ணுக்கு மருந்து கட்டிய நர்ஸ் அவர். என்னைவிட இளையவர். பாறசாலைப் பக்கம் பிறந்த தமிழ்ப் பெண்.

நான் கல்யாணங்களில் பந்தி பரிமாறுகிறவன். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். பந்தியில் அந்தக் கஷ்டம் இல்லை, இலையைப் பார்த்துக்கொண்டு போனால் போதும். ஆனால் இரண்டு விஷயங்களை ரத்தத்தில் ஏற்றித்தான் எங்களை இந்த வேலைக்கு விடுவார்கள். சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை மறித்தால் அது மரியாதைக்குச் சொல்லும் ‘போதும்’. கை விலகும்வரை நின்று இன்னும் ஒரு கரண்டி வைக்க வேண்டும். அடுத்தது, கடைசி இலை மடங்கும்போதும் பாத்திரத்தில் சாதம் மிஞ்சியிருக்க வேண்டும். கரண்டி அடியில் தட்டும் சத்தம் பந்தியில் யார் காதிலாவது விழுந்தால் பெண் வீட்டாருக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

மலையாளக் கர்க்கடக மாசத்தில், நம் ஆடியில், கல்யாணம் கிடையாது. விடாத மழை. அப்போது நான் வீட்டில்தான் இருப்பேன். ஒரு வருஷம் கர்க்கடகத்தில் என் மனைவிக்குக் கால் கட்டைவிரலில் புண். நீண்ட நாளாகச் சர்க்கரை உள்ளவள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை, புண்ணும் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாராவது வந்தால் அவள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். அவள் நிற்கக் கூடாது என்பதால் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மொபைல் கடைக்கு வேலைக்குப் போகும் மகன் வெண்கலப் பானை நிறையக் கிடக்கும் சாதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவான்.

எல்லா டாக்டர்களும் அவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். அவள் எல்லாரிடமும் மத்தியானம் ஒரு பிடி சாதம்தான் என்றாள். அவள் பொய் சொல்லுகிறவள் அல்ல. சாப்பிட உட்காரும்போது அவள் தட்டில் விழுந்தது கொஞ்சம்தான், நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் சிஸ்டர் கட்டு மாற்றி முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நாங்கள் சொன்னதும், மறுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அவர் கையை மறித்தார். நான் நின்றேன். தண்ணீர் எடுக்கக் கை விலகியது, கரண்டி இறங்கிவிட்டது.

“அண்ணா, இது எந்தூரு நியாயம்? போதும்னு சொன்னா காது கேக்காதோ?” என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே பானைக்குள் பார்த்தார். எல்லாருக்கும் பரிமாறிய பிறகும் பானையில் பாதி இருந்தது. இந்த மிச்சம் எங்கே போகும் என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி.

என் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். “எங்க போகும்? நாலு மணிக்கு ரெண்டு வாய் மோர்சாதம். ராத்திரி பாக்கி. அன்னத்தை வழிச்சுக் கொட்ட முடியுமா சிஸ்டர்? அதெல்லாம் ஒரு சாப்பாடா?”

மோர்சாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சிஸ்டர் பானையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, நீங்க தட்டைக் கணக்கு சொல்லுதிய. நீங்க சாப்பிடுதது பானையை அல்லே?”

அந்தப் பானையை நிறைத்துவந்தது நான்தான். அவர் எங்களைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துப் பந்தியில் இலை எப்படி நிறையும் என்று கேட்டார். தோரன், அவியல், ஓலன், பச்சடி எல்லாம் இலையின் மேல் பாதியில், சாதம் கீழே என்றேன். வீட்டில்? வீட்டில் மலை மாதிரி சாதம், ஒரு சாம்பார், ஒரு பப்படம். “பின்னே அந்த இலையை இங்கயும் போடுங்க, சின்னதா” என்றார். கொல்லை வாழையில் சிறிய நுனி இலை ஒன்று நறுக்கி வரச் சொன்னார். மேல் பாதி முழுக்கக் காய்கறி. கீழ்ப் பாதியில் ஒரு பக்கம் சாதம், மறுபக்கம் பயறோ பருப்போ. எனக்கும் மகனுக்கும் அதே இலைதான், அக்காவுக்கு மட்டும் தனிப் பத்தியம் என்றால் அவள் மனசு பானையிலேயே இருக்கும் என்றார். கடைசியாக, மத்தியானம் முடியும்போது பானை காலியாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

காய் நறுக்குவது எனக்குக் கஷ்டமாக இல்லை. சிறிய இலையும் பழகிவிட்டது. பானை காலியாவதுதான் தாங்கவில்லை. முதல் நாள் கரண்டி அடியில் தட்டியபோது என் காது சுட்டது. எதிரில் இருந்தது என் மனைவியும் மகனும்தான், ஆனாலும் ஏதோ சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பது போல வெட்கம். மறுநாள் அரிசி அளக்கும்போது கை தானாக இன்னொரு பிடி அள்ளியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பார்த்துவிட்டாள்.

“ஏன்னா, நேத்திக்கு இங்க யாரும் பட்டினி கிடக்கலை. கையை உதறுங்கோ.”

உதறினேன். நாலு மணிக்கு அவள் பழக்கத்தில் எழுந்து அடுக்களைக்கு வருவாள். கழுவிக் கவிழ்த்த பானையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சுண்டலோ வெறும் மோரோ எடுத்துக்கொண்டு போவாள். ஆரம்பத்தில் அந்தப் பானை மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. என் மேலும்தான். மருந்தும் கட்டும் ஒரு பக்கம் நடந்தன. சர்க்கரை மெல்ல இறங்கியது. புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் வந்திருப்பதை சிஸ்டர் டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். விரல் தப்பியது. அவள் அந்த விரலை ஆட்டிக் காட்டியபோது மகன் மொபைலில் படம் எடுத்தான். கால் விரலைப் படம் எடுத்து வைத்திருக்கும் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சிஸ்டருக்குப் பிறகு வித்துரா பக்கம் மாற்றமாகிவிட்டது. எப்போதாவது கூப்பிடுவார். “அக்காவுடெ விரல் சுகந்தானே?” என்பதுதான் முதல் பேச்சு. நான் இப்போதும் பந்தி பரிமாறப் போகிறேன். இலை மேல் கை மறித்தால் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறேன். எங்கள் பெரிய சமையல்காரர், “என்னடா, கை சுருங்கிடுத்தா நோக்கு?” என்று கேலி செய்கிறார். பதில் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த வருஷக் கர்க்கடகம் நேற்றோடு முடிந்தது. மழை விட்டு வெயில் வந்திருக்கிறது, இனி கல்யாணங்கள் தொடங்கிவிடும். மத்தியானம் மூன்று சிறிய இலைகள் போட்டேன். கடைசிச் சாதத்தை எடுக்கும்போது பித்தளைக் கரண்டி வெண்கலப் பானையின் அடியில் கணீரென்று தட்டியது. கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஆயிடுத்தா? சரி, நேக்கு மோரைக் கொண்டு வாங்கோ. வெறும் மோர்.”

சிங்ஙம் என்கிற ஆவணி ஒன்று, கரமனை.