தாமிரச் சங்கிலியும் நான் உலர்த்திய படிகங்களும்

சித்தூரில் நான் பணியாற்றிய கல்லூரியில் வேதியியல் துறைக்குப் பதினோரு ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். என் கையெழுத்தின்றி ஓர் ஆய்வறிக்கையும் துறையை விட்டு வெளியே சென்றதில்லை. படிப்பவர்கள், பின்னால் என்னைப் பற்றிப் பேசப்பட்டவற்றை எடைபோட வேண்டும் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

குடிபாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன பெண் விரிவுரையாளர் ஒருவர், தாமிர உப்பொன்றை ஒரு கரிமச் சேர்மத்தோடு சேர்த்துப் புதிய பொருள் தயாரித்திருந்தார். அந்தச் சேர்மத்தின் இரு முனைகளும் இரண்டு தாமிர அணுக்களைப் பிடித்துக்கொண்டு பாலமாக நிற்கின்றன, ஆகவே அது முடிவற்ற சங்கிலி என்பது அவர் வாதம். தனித்தனி மூலக்கூறுகள்தாம் என்பது என் முடிவு. துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொல்லியிருந்தேன். சங்கிலியானாலும் தனி மூலக்கூறானாலும் தனிம விகிதம் ஒன்றே; அதை வைத்துச் சொல்ல முடியாது. படிகத்தை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால்தான் தீரும். அந்தக் கருவி திருப்பதியில் இருந்தது.

அவர் மூன்று வாரம் காத்திருந்து, சிறு குப்பியில் நீலப் படிகங்களை வளர்த்தார். இடையில் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்தினம் ஆய்வகத்தில் ஈரப் பாத்திரம் ஒன்றும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகே தராசுக்கும் பர்னருக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அது நான் வகுத்த ஒழுங்கு. அவர் விடுப்பில் இருந்ததால் அவருடைய குப்பியை நானே வடிகட்டி, படிகங்களை வடிதாளில் உலர்த்தி, பெயரெழுதி மடித்துவைத்தேன்.

கல்லூரி திறந்த அன்று, திருப்பதிக்குக் கிளம்பத் தயாராக வந்தவர் தாளைப் பிரித்தார். உள்ளே மங்கிய பச்சைத் தூள்.

“யார் சார் இத வெளிய எடுத்தது?”

“நான்தான். ஈரத்தோட விட்டுட்டுப் போறது என்ன பழக்கம்மா?”

“அந்தத் தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் சார் அது படிகம். வெளிய எடுத்தா உள்ள இருக்கிற தண்ணி போயி உடைஞ்சிடும். உங்களுக்கா தெரியாது?”

ஆய்வகப் பணியாளர் முன்னால் கேட்கப்பட்ட அந்தக் கடைசிக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை. “குரல் ஏறக் கூடாது. இது என் டிபார்ட்மெண்ட்” என்றேன்.

மதியம் பங்காருபாளையத்துக்காரரான சக பேராசிரியர் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க ஊர்ல மாங்காயத்தான் வத்தல் போட்டுக்கினு இருக்காங்க. நம்ம சாரு சங்கிலியையே வத்தல் போட்டுட்டாரு!” நான் நுழைந்ததும் சிரிப்பு நின்றது, எவரும் எழவில்லை.

அந்த விரிவுரையாளர் மறுபடி வளர்த்தார். இம்முறை குப்பியை அலமாரியில் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனார்; யாரிடமிருந்து காக்கிறார் என்பது துறைக்கே தெரியும். கரைசலோடு அதைத் திருப்பதிக்கு எடுத்துச் சென்றார். வந்த படத்தில் தாமிரமும் பாலமும் மாறிமாறி நீண்டன. சங்கிலிதான். அறிக்கையில் கையெழுத்திட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை, நானும் பாராட்டவில்லை.

என் கூற்று பொய்த்துவிடும் என்று அஞ்சி, தெரிந்தே படிகங்களை அழித்தேன் என்று இன்றும் சித்தூரில் சொல்கிறார்கள். அது தவறு. உலர்ந்தால் அவை உடையும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.